மூன்றாம் குழி, இறங்கலாம்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பூஜைப் பையில் பொரி, கடலை, ஒரு ஆப்பிள், இரண்டு லட்டு. கூடவே இந்த டைரி. வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது டைரி கொடுக்கிற கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். ஜனவரியில் அச்சடித்தது ஸ்டோரில் கட்டுக் கட்டாகக் கிடந்ததாம். ஓசியில் வந்ததை விடுவானேன். முதல் பக்கத்தில் பெயர், வேலை என்று கட்டம் போட்டிருந்தது, நிரப்பினேன்: தையல்நாயகி, கட்டுப்பாட்டு அறை, கரிவாயுப் பிரிவு.

கரிவாயுப் பிரிவு என்றால் அரியலூரில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. சிமெண்டுச் சூளைப் புகையோடு வானத்துக்குப் போகிற கரியமில வாயுவைப் போகவிடாமல் பிடிக்கிறோம். மருந்துத் தண்ணீரில் கழுவிப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியாகப் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், பூமிக்கு அடியில் பாறைக்குள் இறக்கிப் பூட்டுகிறோம். காற்றைப் புதைக்கிறதுக்கா சம்பளம் தருகிறார்கள் என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆமாம், கருமாதி கூட நாங்களே செய்துவிடுவோம் என்றேன்.

குழாய் போகிற வழியில் மூன்று வால்வுக் குழிகள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், இறங்க இரும்பு ஏணி. மூன்றாவது குழி சுரங்கப் பள்ளத்திலேயே இருக்கிறது. இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. காற்றைவிடக் கனம், பள்ளத்தைக் கண்டால் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு குழியிலும் தரையை ஒட்டி ஒரு பெட்டி வைத்திருக்கிறது. காற்றில் வாயு எவ்வளவு என்று அது மோந்து சொல்கிற எண் என் திரையில் வரும். அதைப் பார்த்து நான் வாக்கி டாக்கியில் "இறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் லைன்மேன் ஏணியில் கால் வைக்க வேண்டும். மூன்றாம் குழியில் தினமும் இறங்கி வால்வைச் சரிபார்க்கிற லைன்மேன் என் வீட்டுக்காரர் கொளஞ்சி. வீட்டில் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர், அங்கே கேட்டுத்தான் தீர வேண்டும்.

அந்தக் குழியின் பெட்டி ஒரு வாரமாக உயிரை வாங்கியது. எண் ஆயிரத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் போய் மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பெட்டியில்தான் கோளாறு என்றார் சூப்பர்வைசர் தில்லைக்கண்ணு சார். கருவிகளைப் பார்க்கிற இன்ஜினியர் மெர்லின் இருந்தால் பிரித்துப் பார்த்திருப்பாள். அவள் கல்யாண லீவில் நாகர்கோவில் போய்விட்டாள். லைன்மேன்கள் இடுப்பில் மாட்டுகிற மீட்டர்களும் சென்னைக்கு ரிப்பேருக்குப் போனவை போனவைதான், திரும்பி வந்தபாடில்லை.

இன்றைக்குக் குழிகளுக்கும் பூஜை. காலையிலேயே விசிறி வைத்துக் காற்றடித்திருந்தார்கள், மூன்றாம் குழிப் பெட்டிகூட நானூற்றுச் சொச்சம்தான் காட்டியது. நான் சந்தனத்தைக் கல்லில் இழைத்து எடுத்துப் போனேன். பாக்கெட் தூளைக் கரைத்துப் பூசினால் மறுநாளே உதிர்ந்துவிடும், எனக்கு அது பிடிக்காது. வால்வுச் சக்கரத்துக்கு, ஏணிக்கு, குழாய்க்கு எல்லாம் என் வீட்டுக்காரர் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அதிகமாகக் கத்துகிற பிள்ளையை விட்டுவிட்டாயே என்று தில்லைக்கண்ணு சார் பெட்டியைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். இவர் ஒரு கை நிறையச் சந்தனத்தை அள்ளி அதன் வட்ட முகத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தோம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். இவர் புதுச் சட்டையில் நன்றாகத்தான் இருந்தார்.

அக்டோபர் 3

மூன்றாம் குழி வாயைத் திறக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு, அப்படியே நிற்கிறது. சாமிக்குத் தெரிந்தது இன்ஜினியருக்குத் தெரியாது என்று தில்லைக்கண்ணு சார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்று உத்தரவு வேறு. அப்பாடா, எனக்கு நிம்மதி.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை யாரிடமாவது சொன்னால்தான் ஆறும். சொல்லவும் அசிங்கமாக இருக்கிறது.

இவர் முன்பு குடித்தவர். நன்றாகவே குடித்தவர். சம்பள நாளன்று தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் இவர் மேல் பிராது எழுதிக் கட்டினேன். அந்தச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் மேல் அந்தச் சாமியிடமே புகார். சாமி கேட்டது. இவர் நிறுத்தினார். போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, இரண்டு வருஷமாக நானும் மனுஷியாக நடமாடுகிறேன்.

இன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தார். முகம் சிவந்திருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வார்த்தை குழறியது. மோர் சாதம் கேட்டார், இரண்டு வாய் சாப்பிட்டதும் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். இந்தக் கோலத்தை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

"குடிச்சீங்களா?" என்றேன்.

இல்லையாம். தலைவலியாம். தலைவலிக்கு யாருக்காவது கண் இப்படிச் செருகுமா என்று கேட்டேன்.

"நம்பலன்னா எங்கிட்ட பேசாத," என்றார்.

சரி. பேசவில்லை. யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

அக்டோபர் 6

வாயை ஊதச் சொல்லியிருக்கலாம். அது போலீஸ்காரன் வேலை, பெண்டாட்டி வேலை இல்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் சொன்னாள், இப்போதெல்லாம் வாடையே வராத சரக்கு வந்துவிட்டதாம். கெட்டிக்காரர்தான்.

அக்டோபர் 8

வீட்டில் அமைதி. சாதத்தை வைத்துவிட்டு டம்ளரை 'டக்' என்று வைக்கிறேன், அவர் வந்து சாப்பிட்டுப் போகிறார். எங்களுக்குள் பேச்சு என்று இருப்பது வாக்கி டாக்கியில் மட்டும்தான். "மூணாம் குழி, எறங்கலாமா?" "மூணாம் குழி, நானூத்திப் பன்னெண்டு, இறங்கலாம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை நானும் சேர்ப்பதில்லை, அவரும் சேர்ப்பதில்லை. முன்பெல்லாம் கடைசியில் "சரிங்க மேடம்" என்று கிண்டலாக ஒரு இழுப்பு இழுப்பார். கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். தப்புதான், துழாவினேன். ஒரு தைல டப்பா, தலைவலி மாத்திரை இரண்டு அட்டை, ஒன்று காலி. பாட்டில் இல்லை. வழியிலேயே எறிந்துவிட்டு வருவாராக இருக்கும்.

தீபாவளிக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். காஸ் புக் பண்ண வேண்டும். யாருக்காக முறுக்குச் சுடுகிறேனோ.

அக்டோபர் 10

வார விடுமுறை அவருக்கு. நாள் முழுக்க வீட்டில் இருந்தார். தெளிவாக இருந்தார். தண்ணீர்க் குழாயைச் சரி செய்தார், என் செருப்புக்கு ஆணி அடித்து வைத்தார். பார்த்தீர்களா, வீட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனால்தான் கூட்டாளி கிடைக்கிறான்.

அக்டோபர் 11, சனி

விருத்தாசலம் பஸ் பிடித்து மணவாளநல்லூர் போனேன். கோவிலில் கூட்டம். பிராதுத் தாள் வாங்கி எழுதினேன்: ஐயா, உன் பெயர் கொண்ட என் கணவர் மறுபடி குடிக்கிறார், என்னிடம் பொய் சொல்கிறார், நீ கேட்டு ஒரு வழி பண்ணு. முனியப்பர் சந்நிதிப் பக்கம் கட்டிவிட்டு வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் காணாமல் போன மாட்டுக்காக எழுதிக்கொண்டிருந்தாள். நம்முடையதற்கு மாடு தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 13

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை.

காலையில் இவர் வாக்கி டாக்கியில் தில்லைக்கண்ணு சாரிடம் பேசியது எனக்கும் கேட்டது. குழியில் தவளையெல்லாம் செத்து மல்லாந்து கிடக்கிறதாம், ஒரு கீரிப்பிள்ளையும் கிடக்கிறதாம். மேலே வயலில் மருந்து அடித்திருப்பார்கள், மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு வந்திருக்கும், அள்ளி வெளியே போடு என்றார் சார். அள்ளிப் போட்டார் போலிருக்கிறது. ஏறி வந்து "முடிஞ்சிது" என்று சொல்லும்போது மூச்சு இரைத்தது. ஓடி வந்த நாய்க்கு இரைப்பது மாதிரி இரைத்தது. காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாரா என்று பக்கத்து சீட்டில் ஒருவன் முணுமுணுத்தான். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. திரையில் நானூற்றுப் பன்னிரண்டு. நல்ல காற்றில் நின்றுகொண்டு இரைத்தால் வேறு என்ன காரணம் சொல்ல?

அக்டோபர் 14

மழை. காற்று அசையவில்லை. சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் பக்கத்தில் போய் நின்றேன். நெற்றியில் கை வைக்கலாமா என்று தோன்றியது. முதலில் பேசுகிறவள் தோற்றவள். சொம்பில் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று ஒன்று நடந்தது. காலையில் வழக்கம் போல "எறங்கலாமா?" என்றார். எண்ணைப் பார்த்து "இறங்கலாம்" என்றேன். சற்று நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி, "மூணாம் குழி, எறங்கலாமா?" என்றார்.

இப்போதுதானே சொன்னேன். காது கேட்கவில்லையா, நிதானத்தில் இல்லையா. அறையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கடுப்பில், ஒவ்வொரு எழுத்தாக, "இ-ற-ங்-க-லா-ம்" என்றேன்.

இறங்கினார்.

தீபாவளிக்கு அப்புறம் டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வருகிறதாம். அதற்குள் இவர் விஷயம் மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டும். வேலை போனால் திரும்பவும் அந்தக் காலம்தான்.

அக்டோபர் 17, வெள்ளி. தஞ்சாவூர், ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று காலை மெர்லின் லீவு முடிந்து வந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி, கையில் முந்திரிக்கொத்து டப்பா. அறையில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் இவர் கேட்டார், நான் "நானூத்திப் பன்னெண்டு, இறங்கலாம்" என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொத்தை வாயில் போட்டேன். மெர்லின் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். முதல் குழியின் கோடும் இரண்டாம் குழியின் கோடும் மேலும் கீழுமாக நெளிந்துகொண்டு போகின்றன. மூன்றாவது கோடு நேராகப் போகிறது.

"அக்கா, இது என்னது? ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு."

பூஜையிலிருந்து அப்படித்தான், அமைதியாகிவிட்டது என்றேன்.

"காத்து ஒருநாளும் இப்படி நிக்காதுக்கா," என்றாள். "பெட்டி மோக்கவே இல்ல. உள்ள யாராவது இருக்காவளா?"

சந்தனம். நான் இழைத்துக் கொடுத்த சந்தனம். வாக்கி டாக்கியை எடுத்து, இறங்காதீர்கள், மேலே வந்துவிடுங்கள் என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். என்னங்க, என்னங்க என்று கத்தினேன். ஆபீஸ் பேச்சு, வீட்டுப் பேச்சு எல்லாம் மறந்துபோயிற்று. 'கர்ர்' என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது.

மெர்லின் குழாயை இரண்டு பக்கமும் மூடச் சொல்லி, தீயணைப்புப் பிரிவுக்குப் போன் போட்டு, தன் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். தில்லைக்கண்ணு சாரைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு நானும் அவள் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன். சுரங்கப் பாதை முழுக்கச் சேறு. இரண்டு தடவை சறுக்கினோம்.

குழி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வால்வுச் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஏணி என் காலடியில் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் அவர் தோளைத் தொட்டுவிடலாம். நான் கால் வைத்துவிட்டேன். மெர்லின் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவளை அடித்தேன். கையைக் கடித்தேன். அவள் விடவில்லை.

"எறங்குனா நீங்களும் அங்கதான் கெடப்பீங்க," என்றாள். "ரெண்டு பேரையும் என்னால தூக்க முடியாதுக்கா."

மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். பாதி ஆழம் போவதற்குள் அது வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. வண்டி வருகிற பாதையைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா. விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு பேசினேன். பேசாமல் இருந்த நாட்களின் பேச்சையெல்லாம் பேசினேன். குடித்தாலும் பரவாயில்லை, எழுந்து வா என்றேன். வாடா என்றுகூடச் சொன்னேன். அவர் அசையவில்லை. வானம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது, மழைகூட நின்றுவிட்டது.

வண்டி வந்தது. முதுகில் காற்று உருளை மாட்டிய இருவர் இறங்கிக் கயிறு கட்டித் தூக்கினார்கள். உதடு நீலமாக இருந்தது. முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒருவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

உள்ளே இருந்த ஒருவன் பெட்டியின் முகத்தைக் கையுறையால் சுரண்டினான். காய்ந்த சந்தனம் அடை போல உரிந்து விழுந்தது. உடனே வாக்கி டாக்கியில் தில்லைக்கண்ணு சார் குரல். எண் ஏறுகிறது, ஐயோ எண் ஏறுகிறது என்று படித்துக்கொண்டே இருந்தார்.

இங்கே டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டார், குடிப்பழக்கம் உண்டா என்று. முன்பு உண்டு என்றேன். இப்போது என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சாயங்காலம் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு சாராயம் இல்லை என்றார். முகம் சிவந்தது, வியர்த்தது, தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் அந்த வாயுவின் வேலைதானாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் உள்ளே போயிருக்கிறது என்றார். சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அக்டோபர் 18

கண் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தூங்கிவிட்டார். டாக்டர் இனி பயமில்லை என்கிறார். எனக்குப் பயம் போகவில்லை, மூடிய கண்ணைப் பார்த்தால் குழிதான் தெரிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

மெர்லின் வந்தாள். கையில் என் பல் தடம் இன்னும் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விடுங்கக்கா என்றாள். வால்வின் அடைப்பு ரப்பர் பூஜைக்கு முன்பே கிழிந்திருக்கிறது, பெட்டி கத்தியது உண்மைதான் என்றாள். தில்லைக்கண்ணு சாரும் வந்தார். மாதுளம்பழப் பையை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. பிறகு பாவமாக இருந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கோவிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். பொய்ப் பிராது கொடுத்ததற்குச் சாமி என்ன செய்யுமோ தெரியாது.

எல்லோரும் போன பிறகு ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கஞ்சி கொடுத்தேன். நாலு ஸ்பூன் குடித்தார். தலை சுற்றுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பேச்சில்லையே," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சாகிற அளவுக்கா வீம்பு என்றேன். நான்தான் மடச்சி, உங்களுக்கு எங்கே போயிற்று புத்தி, உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் எதற்காக அந்தக் குழியில் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"புதங்கெழம ரெண்டு வாட்டி கேட்டன்ல," என்றார். "எனக்கு உள்ள சரியாவே படல. ஏணில காலு வெக்கவே மனசு வரல. நீ எறங்கலாம்னுட்ட. எம்மேல எம்மாங் கோவம் இருந்தாலும் தையலு இதுல தப்பா சொல்ல மாட்டான்னு எறங்குனேன். மறுநாளும் அப்டித்தான்."

குடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அவர் தன் உடம்பை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறார். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.